மழையில் கழுவிய உப்பு

என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு வந்த முதல் மதிப்புரையை நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

பள்ளி விட்டு வந்தபோது அந்தச் சிற்றிதழ் தபாலில் வந்து கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே இரண்டரைப் பக்கத்தையும் படித்து முடித்தேன். உள்ளே போய் இன்னொரு முறை படித்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தபோது பால் பொங்கி வழிந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறேன். எனக்கு யாரோ மதிப்பெண் போட்டதில் இப்படி ஒரு மகிழ்ச்சி வரும் என்று அதுவரை தெரியாது. தொண்டை அடைத்தது, சிரிப்பும் வந்தது. தோட்டத்துப் பக்கம் போய், துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

“என்ன, முகமெல்லாம் ஒரே சிரிப்பா இருக்கு?” என்று மாமியார் கேட்டார்.

“அகவிலைப்படி அரியர் ஏறிடுச்சு அத்தை” என்றேன்.

அது பொய். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, தானாக வாயில் வந்தது. அதனாலேயே அன்று இரவு முழுக்க அது என்னை உறுத்தியது. வீட்டுக்கு வரும் பணத்துக்காக ஒரு பெண் சிரிக்கலாம். மகன் வாங்கிய மதிப்பெண்ணுக்காகச் சிரிக்கலாம். நான் செய்த ஒரு வேலை நன்றாக இருக்கிறது என்று ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியதற்காகச் சிரிப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. பாராட்டில் மகிழ்வது குற்றமா? அது ஏன் ஒரு பெண்ணுக்கு ஒளித்துவைக்க வேண்டிய பொருளாகிறது? இந்தக் கேள்வியோடுதான் அன்று படுத்தேன். இரண்டாவது கேள்வி ஒரு வாரம் கழித்து வந்தது. அது இதைவிடக் கடினமானது.

புகழைப் பற்றி நமக்குப் பழைய பாடங்கள் உண்டு. திருக்குறளில் இல்லறவியலின் கடைசி அதிகாரமே ‘புகழ்’தான். வாழ்கிறவர் புகழோடு வாழ வேண்டும் என்பதில் வள்ளுவருக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதே இல்லறவியலில் பெண்ணுக்கு வரும் புகழின் வழிகளைத் தேடிப் பாருங்கள். ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரத்தில் மனைவி காக்கும் புகழ், கணவன் தன்னை இகழ்வோர் முன்னால் ஏறுபோல் நடப்பதற்கு உதவுகிறது. ‘மக்கட்பேறு’ அதிகாரத்தில் தாயின் பெருமகிழ்ச்சி வருகிறது. தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும்போது, பெற்றபோது அடைந்ததைவிட அதிகமாக அவள் மகிழ்கிறாள். அவள் மகிழலாம், தடையில்லை. மகனைப் பற்றிய பாராட்டில் மகிழ்கிறாள் என்பதுதான் அனுமதிச் சீட்டு.

வள்ளுவரோடு அது நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்தக் குறளில் தாய் ஏன் பிறர் சொல்லிக் ‘கேட்ட’ தாயாக இருக்கிறாள் என்பதற்குப் பரிமேலழகர் உரை ஒரு காரணம் சொல்கிறது. பெண் இயல்பினால் தானாக அறியும் தன்மை அவளுக்கு இல்லையாம், அதனால் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாளாம். கல்லூரியில் இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. தன் பிள்ளையின் தரத்தையே தானாக அறிய மாட்டாள் என்று சொல்லப்பட்ட ஒருத்தி, தன் எழுத்தின் தரத்தை அறிவாள் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அதைப் பிறர் சொல்லும்போது மகிழ்ந்தால் ‘பார், தலைக்கனம்’ என்று சொல்வதற்கும் ஆள் உண்டு.

நம் வீடுகளில் பெண்ணின் வேலைக்குக் கிடைக்கும் மதிப்புரையை எல்லோரும் அறிவோம். குழம்பில் உப்பு சரியாக இருந்தால் யாரும் பேசுவதில்லை. குறைந்தால் பேச்சு, கூடினால் ஏச்சு. சரியாக அமைந்த உப்புக்குக் கிடைப்பது மௌனம்தான். தலைமுறை தலைமுறையாக அந்த மௌனத்தையே பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். உண்மையான பாராட்டு வந்து வாசலில் விழும்போது அதை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரிவதில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறோம்.

உப்பைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. நான் வசிப்பது மரக்காணத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இந்தப் பகுதியில், மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் பாத்தி பாத்தியாக உப்பளம் கிடக்கும். வரப்போரத்தில் வெள்ளைக் குவியல்கள் நிற்கும், தலையில் கூடையோடு பெண்கள் வரிசையாக நடப்பார்கள். கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நானும் ஒருவிதத்தில் படம் எடுத்தவள்தான். வேலை மாற்றலாகி ஆறு வருடத்துக்கு முன்பு இங்கே வந்தேன். சொந்த ஊர் செஞ்சிப் பக்கம், மல்லாட்டை விளைகிற மானாவாரிக் காடு.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அறுபது வயதைத் தொட்டிருப்பார். பதினான்கு வயதில் அளத்துக்குப் போகத் தொடங்கியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். வயதில் மூத்தவர் எனக்கு ‘நீங்க’ போடுகிறார், எத்தனை சொல்லியும் விடவில்லை. இந்த ‘நீங்க’வில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் எவ்வளவு என்பது தெரியும். மூன்று வருடம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவற்றிலிருந்து ஒரு கதை எழுதினேன். தொகுப்பில் அதுதான் நீளமான கதை. மதிப்புரையில் அதிக இடம் பிடித்ததும் அதுதான்.

விமர்சகர் இரண்டு இடங்களைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருந்தார். ஒன்று, கதையில் வரும் உப்பளத்துப் பெண் சொல்கிற ஒரு பேச்சு: “வெயில் அடிச்சா உப்பு வெளையும், கண்ணு போவும். மழ பேஞ்சா கண்ணு பொழைக்கும், அடுப்பு அவிஞ்சிடும்.” ஆசிரியரின் மொழிவளத்துக்கு இது சான்று என்று எழுதியிருந்தார். இன்னொன்று, கதையின் முடிவுக் காட்சி. இரவில் சிறு மழை பெய்து ஓய்கிறது. விடியற்காலையில் அந்தப் பெண் அளத்துக்குப் போகிறாள். மழையில் கழுவிய உப்பு முன்னெப்போதையும்விட வெள்ளையாக மின்னுகிறது, அவள் வாருபலகையை எடுத்து அதை வாரத் தொடங்குகிறாள். அண்மையில் வந்த கதைகளில் இதைவிட அழகான முடிவு இல்லை என்பது அவர் தீர்ப்பு.

நல்ல மதிப்புரையிலும் ரகம் உண்டு. பெண்ணெழுத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு விஷம் இருப்பதை 1856-லேயே ஜார்ஜ் எலியட் சொன்னார். மரியன் எவன்ஸ் என்ற அந்தப் பெண், ஆண் பெயரில் நாவல் எழுதப் புகுவதற்கு முன் எழுதிய கட்டுரை அது. சீமாட்டி நாவலாசிரியைகள் எழுதும் அசட்டு நாவல்களைப் பற்றியது. பெண்ணின் திறமை எவ்வளவுக்குப் பூச்சியமோ அவ்வளவுக்குப் பத்திரிகைகளின் பாராட்டு கொதிநிலையில் இருக்கிறது, திறமை ஏற ஏற அந்தச் சூடு இறங்கிவிடுகிறது என்பது அவர் கணக்கு. ‘பாவம், பெண், எழுதட்டும்’ என்கிற தட்டிக்கொடுப்பு கண்டனத்தைவிடக் கேவலமானது என்பது அதன் சாரம். எனக்கு வந்த மதிப்புரையை இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பார்த்தேன். என் வயது, குடும்பம், டீச்சர் வேலை எதையும் அது பேசவில்லை. ‘பெண்மைக்கே உரிய’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. இரண்டு கதைகள் பலவீனமானவை என்று காரணத்தோடு சொன்னது, அந்தக் காரணமும் சரிதான். ஆக, அவர் என் வேலையைத்தான் பார்த்திருக்கிறார். மகிழ்ச்சி இன்னும் கூடியது. ஒளித்துவைத்ததை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கோரைப்பாயில் உட்கார்ந்து, வெடித்த குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மதிப்புரையை உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. அவர் சொன்ன பேச்சு வந்த இடத்தில் சிரித்துவிட்டார். “அது நான் சொன்னதுல்ல? பரவால்லையே, புக்குல வந்துடுச்சா!” அடுத்து முடிவுக் காட்சியைப் பற்றிய பாராட்டைப் படித்தேன். எண்ணெய் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“இன்னா டீச்சர், மழ பேஞ்ச மறாநாளு உப்பு வார்றாளா?”

“ஆமாக்கா. சின்ன மழைதான்.”

“சின்ன மழையோ பெரிய மழையோ, பாத்தியில மழ வுழுந்தா உப்பு எங்க இருக்கும்? கரைஞ்சி பூடும். தண்ணிய வடிச்சி, பாத்திய மறுபடி மிதிச்சி, புதுசா தண்ணி கட்டி, பதினஞ்சு நாளாவது ஆவும் அடுத்து வார. அதுவரைக்கும் யாரும் அளத்துப் பக்கம் கூப்புட மாட்டாங்க. கூலி இல்ல. நான்தான் சொன்னனே, அடுப்பு அவிஞ்சிடும்னு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு செய்த பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது.

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரி அளவுக்கு இருக்கும். பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் நிறுத்தி அதை ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு படியத் தொடங்கும் என்று பள்ளியில் அறிவியல் ஆசிரியர் எனக்கு விளக்கியிருக்கிறார். மழைநீர் விழுந்தால் அந்த அடர்த்தி குலையும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்த அளங்களெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு 5,000 ரூபாய் கொடுப்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்த நான் எப்படி அப்படி எழுதினேன்? புயலை அழிவாகப் பார்க்க முடிந்தது. கோடையில் ஒரு மணி நேரம் பெய்கிற தூறல் என் கண்ணுக்கு அழகாகத்தான் தெரிந்தது. மானாவாரி ஊரில் வளர்ந்தவளுக்கு மழை என்றால் விதைப்பு, மழை என்றால் சிரிப்பு. அந்த ஊர் மழையைக் கொண்டுவந்து இந்த ஊர் அளத்தில் பெய்யவிட்டேன். அக்கா சொன்ன வரியை அப்படியே எழுதிக்கொண்டேன், அதன் பொருளை மட்டும் காதில் வாங்கவில்லை. ஒரே கதையில் அந்த வரியும் இருந்தது, அந்த வரியைப் பொய்யாக்கும் முடிவும் இருந்தது. எழுதிய எனக்கும் தெரியவில்லை, பாராட்டியவருக்கும் தெரியவில்லை.

இது வெறும் தகவல் பிழை என்று என்னால் தள்ள முடியவில்லை. அடுப்பு அவிந்த பதினைந்து நாளை நான் அழகு என்று எழுதியிருந்தேன். அதற்குத்தான் உச்சமான பாராட்டு. என் இரண்டாவது கேள்வி அங்கே பிறந்தது: இந்த மகிழ்ச்சிக்கு நான் உரியவள்தானா?

பொருளாதாரத்தின் தந்தை என்று நாம் படித்த ஆடம் ஸ்மித், அதற்கு முன்பு 1759-இல் ஒழுக்க உணர்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாராட்டை விரும்புவது வேறு, பாராட்டுக்கு உரியவராக இருக்க விரும்புவது வேறு என்று அதில் பிரிக்கிறார். உரிமையில்லாத பாராட்டு அறிவுள்ளவருக்கு நிறைவான மகிழ்ச்சி தராது என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், முகத்துக்குச் சாயம் பூசிய பெண். அவளுடைய நிறத்தைப் புகழ்ந்தால் அவளுக்கு அதில் என்ன பெருமை இருக்க முடியும் என்கிறார். பொய்ப் பெருமைக்கு உதாரணம் தேடினால் பெண்ணின் முகம்தான் முதலில் அகப்படுகிறது! அழகாக இருப்பதற்கு மட்டும் பாராட்டு கிடைக்கிற உலகத்தில் அவள் சாயம் பூசாமல் என்ன செய்வாள் என்று அவர் நின்று கேட்கவில்லை. அவரோடு இப்படிச் சண்டை போட்டபடியே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மழைக் காட்சி சாயம்தான். அதற்கு வந்த புகழ் இனி எனக்கு இனிக்காது.

அக்கா சொன்ன பேச்சுக்கு வந்த பாராட்டும் என்னுடையதல்ல. ஆகப் பாராட்டப்பட்ட இரண்டில், ஒன்று தவறு, மற்றொன்று இரவல். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் எனக்கு என்ன மிஞ்சும்?

இந்தக் கரைக்கு இந்தக் கணக்கு புதியதல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுவார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் புகழ்ந்து நத்தத்தனார் பாடியது அது. பரிசில் பெறப் போகும் பாணர்கள் வழியில் இந்தப் பட்டினத்துக்கு வருகிறார்கள். அங்கே நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய தேறல் அவர்களுக்குக் கிடைக்கிறது, சுட்ட மீனும் கிடைக்கிறது. அரசன் பெயர் நிற்கிறது, புலவர் பெயர் நிற்கிறது. தேறல் வடித்தவள் பெயரில்லாத நுளைமகள்தான். பாட்டுக்குச் சுவை தருவது அவள் கைவேலை. புகழ் பங்கு வைக்கப்படும்போது அவள் அந்த இடத்தில் இல்லை.

நன்றியுரையில் அக்காவின் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னேன். “பேரு கீரு போட்டுறாதீங்க டீச்சர். மேஸ்திரி காதுக்குப் போச்சின்னா நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டான்” என்றார். 1847-இல் ‘ஜேன் அயர்’ நாவலைக் கரர் பெல் என்ற பெயரில் வெளியிட்ட சார்லட் பிராண்டி, தன்னைப் பெண்ணென்று பார்க்காமல் எழுத்தாளராகப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெயரை மறைத்தார். பிறகு 1850-இல் ஒரு விமர்சகர் அவர் பெண் என்பதையே முன்னால் வைத்து மதிப்புரை எழுதியபோது கொதித்துப்போனார். மறைத்த பெயருக்குப் பின்னால் அவருக்கு ஒரு புகழ் காத்திருந்தது. அக்கா மறைக்கும் பெயருக்குப் பின்னால் இருப்பது நாளைய கூலி. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். இங்கே நான் அவர் பெயரை எழுதாததன் காரணம் இதுதான்.

பங்கு கொடுக்க முடியாவிட்டாலும், மதிப்பிடும் உரிமையைக் கொடுக்க முடியும். உப்பளத் தொழிலாளரைப் பற்றித் தமிழில் நாவல் என்றால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நினைவுக்கு வரும். தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய், கேட்டு, பார்த்து எழுதிய நூல், 1979-இல் வந்தது. விவரம் மிகுந்தது, கலை குறைந்தது என்று அவர் நாவல்களைச் சொல்பவர்கள் உண்டு. முன்பு நானும் அப்படிச் சொன்னவள்தான். ஒரு மழைத் தூறலில் வழுக்கி விழுந்த பிறகு எனக்கு அந்த ‘விவரம்’ என்ற சொல்லின் கனம் புரிகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது ஊரிலேயே கோபம் எழுந்தது, சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. பின்னாளில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு க்ராஸ்வேர்ட் பரிசு கிடைத்தது. பரிசுக் குழுவின் வாசிப்பும் ஊர்க்காரர்களின் வாசிப்பும் இரண்டு வேறு மதிப்புரைகள். இரண்டாவதை எந்த இதழும் அச்சிடுவதில்லை. எழுதியவரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

1939-இல் வர்ஜீனியா வுல்ஃப் மதிப்புரைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பத்திரிகை மதிப்புரை எழுத்தாளருக்கு உதவுவதில்லை, அதை ஒழித்துவிடலாம் என்றார். அதற்குப் பதிலாக, மருத்துவரிடம் போவதுபோல எழுத்தாளர் ஒரு தேர்ந்த வாசகரிடம் போக வேண்டும். மூன்று கினி கட்டணம் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உண்மையைக் கேட்டுவிட்டு வர வேண்டும். வேடிக்கையான யோசனை என்று முன்பு சிரித்திருக்கிறேன். அந்த நூலிலேயே அவர் கணவர் லெனார்ட் உடன்படாமல் ஒரு குறிப்புச் சேர்த்தார். ஆனால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் வாய்த்தது. கதவு இல்லாத திண்ணையில், கட்டணம் இல்லாமல்.

வெட்கம் தாங்காமல் அன்று நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். “இதுக்குப் போயி இன்னா டீச்சர். அந்தம்மா நல்லாருக்குன்னு எழுதுனதும் ஒங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சா இல்லியா?” என்று அக்கா கேட்டார். இருந்தது என்றேன். ஒளித்துவைத்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னிடம் இருந்த ஒன்றை எடுத்து வைத்தார்.

வயசுக்காலத்தில் ஒரு நாள். பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு கட்டுவதற்கு முன்னால் பாத்தியின் அடித்தரையை மிதித்து மிதித்து மட்டமாக்க வேண்டும், மேடு பள்ளம் இருந்தால் உப்பு சீராகப் படியாது. வயதான ஒரு மேஸ்திரி வந்து பார்த்தார். எல்லோர் முன்னாலும், “இவ மிதிச்ச பாத்தியில தண்ணி எப்படி ஒரே மட்டமா நிக்குது பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

“அன்னிக்குப் பூரா காலு தரையில படல டீச்சர். ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொன்னா அவரு இன்னா கேப்பாரு? அந்த ஆளு ஒன்ன எதுக்குப் புகழுறான்னு கேப்பாரு. இன்னி வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல.”

முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த வரியைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த ஒளியை நான் என் வீட்டுத் துணிக்கொடியின் பக்கத்தில் அறிந்திருக்கிறேன். அவர் பாராட்டை ஒளித்தது சந்தேகத்துக்குப் பயந்து. நான் ஒளித்தது கேலிக்குப் பயந்து. வேலையைப் பாராட்டிய ஒரு சொல்லை ஓர் ஆணின் ஆசையாக மட்டுமே பார்க்கிற வீடும், தலைக்கனமாக மட்டுமே பார்க்கிற வீடும் ஒரே தெருவில் இருப்பவைதான்.

என் முதல் கேள்விக்கான விடை அங்கே கிடைத்தது. அக்காவின் மகிழ்ச்சியைத் தற்பெருமை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பாத்தி மட்டமாக இருந்தது. தண்ணீர் அதற்குச் சாட்சி. வேலை தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். தான் செய்த வேலையைத் தெரிந்த கண்ணொன்று பார்த்துவிட்டது என்பதில் வரும் மகிழ்ச்சி, உழைத்தவருக்குச் சேர வேண்டிய பாக்கி. கூலியைப் போல அதுவும் பெண்களுக்குக் குறைத்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. பாக்கியை வாங்கிக்கொள்வதில் என்ன வெட்கம்?

இரண்டாவது கேள்விக்கும் அதே பாத்திதான் விடை. தண்ணீர் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்காமல் வருகிற பாராட்டை, வந்தபடியே நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது பகை அல்ல, பொய்யும் அல்ல. என் விமர்சகர் நேர்மையாகத்தான் எழுதினார். அவருக்கு அந்த அளத்தின் மட்டம் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது என் வேலை. அச்சுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. மூன்று வருடம் கேட்கப் போன நான், எழுதியதைப் படித்துக்காட்ட ஒரு நாள்கூடப் போகவில்லை. கதை கேட்கும்போது அவர் எனக்கு அக்கா. கதை முடிந்ததும் அவர் என் வாசகி இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் உண்மையான பிழை மழை அல்ல, இதுதான்.

விமர்சகருக்குக் கடிதம் எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் மிகவும் விரும்பிய காட்சி நடக்க முடியாதது, அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன், ஆசிரியரின் மொழி என்று நீங்கள் பாராட்டிய வரியும் இன்னொருவருடையது என்று எழுதினேன். தபால்பெட்டியில் போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கிடைத்த ஒரே நல்ல மதிப்புரையை நானே கிழிப்பதுபோல இருந்தது. பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. ஒரே ஒரு கேள்வி: “மற்றக் கதைகளைப் பற்றி அந்த அக்கா என்ன சொன்னார்?”

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அவருடைய கதையையே முழுதாகப் படிக்கச் சொன்னார். மதிப்புரையில் ஒரு சொல்கூட வராத இடம் ஒன்று நடுவில் உண்டு. நாள் முழுக்கக் கூடை சுமந்த அந்தப் பெண் இரவில் தூங்குகிறாள். தூக்கத்திலும் அவள் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிகின்றன, கூடைகளை எண்ணுகின்றன. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. விடைத்தாள் திருத்தும் மாதங்களில் தூக்கத்தில் என் விரல் மதிப்பெண் கூட்டுவதை என் மகன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதை வைத்து எழுதியது.

அக்கா படிப்பதை நிறுத்தச் சொன்னார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இத நான் ஒங்களுக்குச் சொல்லவே இல்லியே டீச்சர். எப்படித் தெரிஞ்சிது?”

நான் பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்தது, சிரிப்பும் வந்தது. இந்த முறை அதை ஒளிக்கத் தோன்றவில்லை. “இன்னொரு வாட்டி அந்த எடத்தப் படிங்க” என்றார். படித்தேன். வீட்டுக்கு வந்தபோது மாமியார், “என்ன, மறுபடியும் அரியரா?” என்று கேட்டார்.

“இல்லை அத்தை. என் கதை நல்லா இருக்குன்னு சொன்னாங்க” என்றேன்.